அமெரிக்கப் பிராந்திய விமான நிறுவனங்கள்: 1,500 மணி நேரத்துக்கு அப்புறம் எங்கே சேர்வது?

விமானி வேலைக்குத் தேவையான 1,500 மணி நேரம் பறந்து முடித்து, கையில் இரண்டு மூன்று வேலைக் கடிதங்களோடு நிற்பவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: முதல் வருஷம் மணிக்கு எத்தனை டாலர்? கேட்பதில் தப்பில்லை. கடன் வாங்கிப் பயிற்சி முடித்தவருக்கு அதுதான் உடனடிக் கவலை. ஆனால் அந்த எண்ணில் இன்றைக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தெரிவது மூன்றாவது, நான்காவது வருஷத்தில். அதைவிடப் பெரிதாகத் தெரிவது பணிக்காலத்தின் கடைசிப் பத்து வருஷத்தில்.

பிராந்திய நிறுவனம் என்றால் என்ன என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். விமானத்தின் மேல் அமெரிக்கன் ஈகிள், யுனைடெட் எக்ஸ்பிரஸ், டெல்டா கனெக்‌ஷன் என்று எழுதியிருக்கும். அதை ஓட்டுபவருக்குச் சம்பளம் கொடுப்பது வேறொரு நிறுவனம். டிக்கெட் விற்பதும் கட்டணம் வைப்பதும் பெரிய நிறுவனம். பிராந்திய நிறுவனம் பறந்து கொடுத்ததற்குக் கூலி வாங்கிக்கொள்கிறது.

ஒரு காலத்தில் இங்கே சம்பளம் படுமோசம். துணை விமானியின் முதல் ஆண்டு வருமானம் 20,000 டாலரை ஒட்டித்தான் இருந்தது. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். அந்த விசாரணையில்தான் விமானிகளின் களைப்பும் சம்பளமும் வெளியே பேசப்பட்டன. 2010-ல் சட்டம் வந்தது. 2013 முதல் துணை விமானிக்கும் ஏ.டி.பி. எனப்படும் விமான நிறுவன விமானி உரிமம், அதாவது பொதுவாக 1,500 மணி நேரம், கட்டாயமானது. ராணுவத்திலிருந்து வருபவர்களுக்கு 750, விமானவியல் பட்டதாரிகளுக்கு 1,000 என்று சலுகை உண்டு. (விழுந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 1,500-ஐத் தாண்டியவர்கள் என்பது வேறு விஷயம்.) இதனால் புதிதாக வருபவர்கள் குறைந்தார்கள். 2020-ல் கொரோனா வந்ததும் பெரிய நிறுவனங்கள் மூத்த விமானிகளுக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்து அனுப்பின. இரண்டே வருஷத்தில் ஆள் பஞ்சம் வந்துவிட்டது. 2022 ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் குழுமத்தைச் சேர்ந்த என்வாய், பீட்மாண்ட், பி.எஸ்.ஏ. மூன்றும் முதலாண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர், கேப்டனுக்கு 146 டாலர் என்று அறிவித்தன. மற்ற நிறுவனங்களும் வேறு வழியில்லாமல் பின்தொடர்ந்தன.

எனவே இன்றைக்குக் கேள்வி "பிராந்திய நிறுவனத்தில் வயிற்றைக் கழுவ முடியுமா" என்பதல்ல, முடியும். எந்த நிறுவனம், எவ்வளவு காலம் என்பதுதான் கேள்வி.

## எதை வைத்து எடை போடுவது

கையில் வரும் பணம். மணிக் கணக்கு என்பது விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து நிறுத்தும் வரைக்குமானது. பன்னிரண்டு மணி நேரம் சீருடையில் இருந்துவிட்டு ஐந்து மணி நேரத்துக்குச் சம்பளம் வாங்கும் நாளும் உண்டு. அதனால் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் உத்தரவாதம் என்று பாருங்கள். 75 என்பது பரவலான எண். 90 டாலரை 75-ஆல் பெருக்கி, பன்னிரண்டு மாதத்துக்குப் போட்டால் 81,000 டாலர். கேப்டனுக்கு இதே கணக்கில் 1,31,400. இன்னொன்று: 2022-ல் அறிவித்த உயர்வில் ஒரு பகுதி 2024 ஆகஸ்ட் வரைக்கும் மட்டுமான தற்காலிகக் கூடுதல் என்றுதான் அப்போது சொன்னார்கள். உங்களிடம் சொல்லப்படும் தொகை ஒப்பந்தத்தில் நிலையாக இருக்கிறதா, நிறுவனம் நினைத்தால் எடுத்துவிடக்கூடிய கூடுதலா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சீனியாரிட்டி. இந்தத் தொழிலில் சாதியும் கோத்திரமும் இதுதான். எந்த விமானம், எந்த ஊர், எந்த நாள் விடுமுறை, ஆட்குறைப்பில் யார் முதலில் வெளியே போவார் என எல்லாவற்றையும் தீர்மானிப்பது நீங்கள் சேர்ந்த தேதி. நிறுவனம் மாறினால் அந்த எண் கூட வராது. பதினைந்து வருஷம் கேப்டனாக இருந்தவரும் புதிய இடத்தில் கடைசி ஆள்தான்.

இடது இருக்கைக்கு, அதாவது கேப்டன் இருக்கைக்கு, எத்தனை நாள். கேப்டன் ஆக, இத்தகைய விமான நிறுவனப் பணியில் பொதுவாக 1,000 மணி நேரம் துணை விமானியாக இருந்திருக்க வேண்டும் என்பது விதி. மாதம் 70 மணி நேரம் பறந்தால் ஒன்றேகால் வருஷத்தில் முடிந்துவிடும். ஆனால் துணை விமானிகள் அதிகமாகவும் கேப்டன்கள் குறைவாகவும் இருக்கும் நிறுவனத்தில் மாதம் 30 மணி நேரம் கிடைப்பதே கஷ்டம். உத்தரவாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கும், மணி நேரம் மட்டும் ஏறாது. நேர்காணலில் "கேப்டன் ஆக எவ்வளவு நாள்" என்று கேட்பதைவிட, "புதிதாகச் சேர்ந்தவர்கள் இப்போது மாதம் எத்தனை மணி நேரம் பறக்கிறார்கள்" என்று கேட்பது மேல்.

பெரிய நிறுவனத்துக்குப் போகும் வழி, குடியிருக்கும் ஊர், நிறுவனத்தின் ஆயுள், கையெழுத்திடும் நிபந்தனைகள். இந்த நான்கையும் கீழே போகப் போகப் பார்ப்போம்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலைகளுக்கு அமெரிக்காவில் தடையில்லாமல் வேலை செய்யும் உரிமை வேண்டும். நடைமுறையில் கிரீன் கார்டு அல்லது குடியுரிமை. எச்-1பி விசாவை நம்பிப் பயிற்சிக்குக் கடன் வாங்க வேண்டாம்.

## முதல் தேர்வு: பெரிய நிறுவனத்துக்கே சொந்தமானவை

அமெரிக்கனுக்கு என்வாய், பீட்மாண்ட், பி.எஸ்.ஏ.; டெல்டாவுக்கு எண்டெவர்; அலாஸ்காவுக்கு ஹொரைசன்.

இவற்றின் கவர்ச்சி ஃப்ளோ எனப்படும் ஏற்பாடு. அமெரிக்கன் குழுமத்தில் வரிசைப்படி உங்கள் முறை வந்ததும் நேர்காணல் இல்லாமலே பெரிய நிறுவனத்துக்குள் போய்விடலாம். பட்டப்படிப்பு இல்லாதவர், பழைய பயிற்சித் தோல்வி பதிவில் இருப்பவர், நேர்காணலில் திணறுபவர் ஆகியோருக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் ஃப்ளோ ஒரு குடை. மழையில் அருமை தெரியும், வெயிலில் சுமை. 2022, 2023 ஆண்டுகளில் பெரிய நிறுவனங்கள் ஒவ்வோர் ஆண்டும் 12,000 பேருக்கு மேல் எடுத்தன. அப்போது வரிசையில் தன் முறைக்குக் காத்திருப்பதைவிட நேரே விண்ணப்பித்துப் போவதுதான் வேகம். மாதத்துக்கு இத்தனை பேர்தான் என்று ஃப்ளோவுக்கு அளவு உண்டு. எல்லோரையும் ஒரே நேரத்தில் விட்டால் பிராந்திய நிறுவனத்தில் ஓட்ட ஆள் இருக்காதே. 2024-ல் ஆளெடுப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. போயிங் விமானங்கள் தாமதமாக வந்ததும், பிராட் அண்ட் விட்னி எஞ்சின் பிரச்சினையில் விமானங்கள் தரையில் நின்றதும் அதற்குச் சேர்ந்த காரணங்கள். இந்த மாதிரிக் காலத்தில் எடுக்கிற கொஞ்சம் பேரிலும் ஒரு பங்கு ஃப்ளோ வரிசைக்குப் போகும் என்பதுதான் பலம். பெரிய நிறுவனம் ஆளெடுப்பையே நிறுத்தினால் ஃப்ளோவும் நிற்கும். 2020-ல் அதுதான் நடந்தது.

"தாய் நிறுவனமே முதலாளி, மூட மாட்டார்கள்" என்று சொல்வார்கள். காம்ஏர் டெல்டாவுக்குச் சொந்தமான நிறுவனம். ஒருகாலத்தில் பிராந்திய நிறுவனங்களில் முன்வரிசையில் இருந்தது. 2012 செப்டம்பரில் டெல்டாவே மூடியது. சொந்தம் என்பது பாதுகாப்பில் ஒரு படி கூடுதல், அவ்வளவுதான்.

மறைந்திருக்கும் செலவு இங்கே பேஸ், அதாவது நீங்கள் பணி தொடங்கும் விமான நிலையம். ஒரே பெரிய நிறுவனத்துக்காக மட்டும் பறப்பதால் பேஸ்களும் அந்த நிறுவனத்தின் மையங்களை ஒட்டியே இருக்கும். எண்டெவர் என்றால் மினியாபொலிஸ், டெட்ராய்ட், நியூயார்க், அட்லாண்டா என்ற வட்டம். ஹொரைசன் என்றால் வடமேற்குப் பக்கம். உங்கள் வீடு அங்கே இல்லாவிட்டால் கீழே ஊர் பற்றிச் சொல்லியிருப்பதைக் கவனித்துப் படியுங்கள்.

யாருக்குப் பொருந்தும்: அந்த மையங்களில் ஒன்றில் ஏற்கெனவே குடியிருப்பவர், தாய் நிறுவனத்தில்தான் ஓய்வு பெற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர், விண்ணப்பத்தில் ஏதாவது பலவீனம் இருப்பவர்.

## இரண்டாம் தேர்வு: பலருக்கும் ஒப்பந்தத்தில் பறப்பவை

ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், கோஜெட், கம்யூட்ஏர் போன்றவை. இவற்றில் யூட்டாவின் செயின்ட் ஜார்ஜிலிருந்து இயங்கும் ஸ்கைவெஸ்ட் யுனைடெட், டெல்டா, அமெரிக்கன், அலாஸ்கா என நான்கு பேருக்கும் பறக்கிறது. உலகில் அதிக எண்ணிக்கையில் எம்ப்ரேயர் 175 ஓட்டும் நிறுவனமும் அதுதான்.

நல்ல பக்கம்: பேஸ்கள் நாடெங்கும் பரவியிருக்கும். ஒரு பெரிய நிறுவனம் ஒப்பந்தத்தைக் குறைத்தால் இன்னொன்றுக்கு விமானத்தை மாற்றலாம். யுனைடெட் 2019-ல் தொடங்கிய ஏவியேட் போன்ற திட்டங்கள் மூலம் பிராந்தியப் பங்காளி நிறுவன விமானிகளுக்கு ஒரு பாதையும் உண்டு. அது ஃப்ளோ மாதிரி தானாக ஓடும் வரிசை அல்ல. தேர்வு உண்டு, நிபந்தனை உண்டு.

கெட்ட பக்கம், ஒப்பந்தம் போனால் நிறுவனமே போகலாம். 2020 ஏப்ரலில் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ் இரண்டும் ஒரே மாதத்தில் மூடின. அதே ஆண்டில் யுனைடெட் தன் 50 இருக்கை எம்ப்ரேயர்களை எக்ஸ்பிரஸ்ஜெட்டிடமிருந்து எடுத்துக் கம்யூட்ஏருக்குக் கொடுத்தது. செப்டம்பரோடு எக்ஸ்பிரஸ்ஜெட்டின் அந்தப் பணி முடிந்தது. பத்து, இருபது வருஷ சீனியாரிட்டி ஒரு கடிதத்தில் கரைந்தது. ஆகவே ஒரு நிறுவனத்துக்கு எத்தனை வாடிக்கையாளர்கள் என்று முதலில் எண்ணுங்கள். ஒரே ஒருவருக்காக, அதுவும் 50 இருக்கை விமானங்களை மட்டும் ஓட்டும் நிறுவனம் என்றால் எனக்குத் தயக்கம் வரும். 76 இருக்கை எம்ப்ரேயர் 175 அதிகம் வைத்திருக்கும் நிறுவனம் என்றால் கொஞ்சம் நிம்மதி.

ஏன் 76? பெரிய நிறுவன விமானிகளின் சங்கங்கள் தங்கள் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒப்பந்தத்தில் எழுதிவைத்த எல்லை அது. பெரும்பாலும் 76 இருக்கை, 86,000 பவுண்ட் எடை. அதைத் தாண்டிய விமானத்தைப் பிராந்திய நிறுவனத்திடம் கொடுக்கக் கூடாது. எம்ப்ரேயரின் புதிய 175-ஈ2 இந்த எடையைத் தாண்டிவிட்டதால் அமெரிக்காவில் ஒரு பிராந்திய நிறுவனமும் அதை ஓட்டவில்லை. நீங்கள் சேரும் நிறுவனம் எவ்வளவு வளரலாம் என்பதை இன்னொரு நிறுவனத்தின் தொழிற்சங்கம் முடிவு செய்கிறது என்று அர்த்தம். இது முதல் தேர்வுக்கும் பொருந்தும்.

சங்கம் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்கைவெஸ்ட் விமானிகளுக்கு நிறுவனத்துக்குள்ளேயே ஒரு பிரதிநிதி அமைப்பு இருக்கிறது; மற்ற பல நிறுவனங்களில் உள்ளதுபோல தேசிய அளவிலான தொழிற்சங்க ஒப்பந்தம் இல்லை. சம்பளம் ஏறும் காலத்தில் இது யாருக்கும் உறுத்தாது. இறங்கும் காலத்தில் உறுத்தும்.

யாருக்குப் பொருந்தும்: தன் ஊரிலேயே பேஸ் கிடைப்பவர், எந்தப் பெரிய நிறுவனம் என்று இன்னும் முடிவு செய்யாதவர், பட்டம், சுத்தமான பதிவு என விண்ணப்பம் வலுவாக இருப்பவர்.

## மூன்றாம் தேர்வு: பிராந்தியத்தைத் தாண்டிக் குதிப்பது

1,500 மணி நேரத்தோடு நேராக ஏர்பஸ் 320 ஓட்ட எடுத்துக்கொண்ட காலம் உண்டு. ஃபிரான்டியர், அலீஜியன்ட், ஸ்பிரிட் மாதிரி மலிவுக் கட்டண நிறுவனங்கள் இதற்குள் வரும். கிடைத்தால் சம்பளமும் விமானமும் பெரியது. அலீஜியன்டில் பெரும்பாலும் காலையில் கிளம்பினால் இரவு வீட்டுக்கு வந்துவிடலாம் என்பது குடும்பஸ்தர்களை இழுக்கும் வசதி. ஆபத்து என்ன என்பதற்கு ஸ்பிரிட் போதும்: 2024 நவம்பரில் திவால் பாதுகாப்பு, 2025 ஆகஸ்டில் மறுபடியும், நடுவில் ஆட்குறைப்பு. துணை விமானியின் வலது இருக்கையிலேயே நீண்டகாலம் உட்கார வேண்டியும் வரலாம்.

நெட்ஜெட்ஸ் போன்ற தனியார் ஜெட் நிறுவனங்கள் தனி ரகம். ஏழு நாள் வேலை, ஏழு நாள் ஓய்வு. வீட்டுக்கு அருகிலுள்ள விமான நிலையத்திலிருந்து நிறுவனமே டிக்கெட் போட்டு அழைத்துப்போகும். பயணியின் பெட்டியையும் சில நேரம் தூக்க வேண்டும். அதில் கௌரவம் பார்ப்பவருக்கு வேண்டாம்.

1,500 இன்னும் முடியாதவர்களுக்குச் சிறிய சரக்கு விமானங்கள் உண்டு. கருவி வழிப் பறத்தலில், அதாவது வெளியே தெரியாதபோது கருவிகளை நம்பிப் பறப்பதில், தனியாகப் பொறுப்பேற்க 1,200 மணி நேரம் போதும். இரவு, பனி, ஒற்றை ஆள் என்று கடினமான வேலை. ஆனால் முடிவெடுக்கும் பழக்கம் வந்துவிடும்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | சொந்த நிறுவனம் | ஒப்பந்த நிறுவனம் | மலிவுக் கட்டண நிறுவனம் |
|---|---|---|---|
| முதலாண்டுச் சம்பளம் | ஏறக்குறைய ஒன்றுதான் | ஏறக்குறைய ஒன்றுதான் | இடத்துக்கு இடம் மாறும் |
| பெரிய நிறுவனத்துக்கு வழி | வரிசை. மெதுவாக, ஆளெடுப்பு நிற்காதவரை உறுதியாக | சொந்த முயற்சி, சில திட்டங்கள் | முழுக்கச் சொந்த முயற்சி |
| பேஸ் | சில மையங்களில் மட்டும் | பரவலாக | நிறுவனத்தைப் பொறுத்தது |
| மூடும் ஆபத்து | குறைவு, இல்லாமல் இல்லை | வாடிக்கையாளர் எண்ணிக்கையைப் பொறுத்தது | சந்தையைப் பொறுத்தது |
| கேப்டன் மணி நேரம் | கிடைக்கும் | கிடைக்கும் | தாமதமாகலாம் |

## கணக்கில் வராத மூன்று செலவுகள்

முதலாவது ஊர். பேஸ் வேறு ஊரில் இருந்தால் பணிக்கு முந்தின நாளே கிளம்ப வேண்டும், காலி இருக்கை கிடைத்தால்தான் போகவும் முடியும். அங்கே நாலைந்து விமானிகளோடு சேர்ந்து ஒரு அறைக்கு வாடகை. சேர்ந்த புதிதில் ரிசர்வ், அதாவது கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டிய காத்திருப்புப் பணி. அந்த நாட்களை வீட்டில் கழிக்க முடியாது. மாதம் பதினெட்டு நாள் வேலை என்று காகிதத்தில் இருப்பது வாழ்க்கையில் இருபத்திரண்டு நாள் ஆகிவிடும். கேப்டன் ஆனதும் இது சரியாகும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். கேப்டன் பட்டியலில் மறுபடி கடைசி ஆள், மறுபடி ரிசர்வ், அதுவும் யாரும் விரும்பாத பேஸில். இதனாலேயே உயர்வை மறுத்துத் துணை விமானியாகவே இருப்பவர்கள் உண்டு. சில ஒப்பந்தங்களில் மறுக்கும் உரிமையே இல்லை, அதையும் பாருங்கள். என் கணக்கில், வீட்டிலிருந்து காரில் போகும் தூரத்தில் பேஸ் இருப்பது மணிக்கு பத்து டாலர் கூடுதல் சம்பளத்தைவிட மேல்.

இரண்டாவது போனஸ். சேர்க்கைப் போனஸ் என்று பெரிய தொகை காட்டுவார்கள். பெரும்பாலும் இரண்டு வருஷம் இருக்க வேண்டும், முன்னால் போனால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும். வரி பிடித்ததுபோகக் கையில் வந்ததையா, முழுத் தொகையையா திருப்பிக் கொடுக்க வேண்டும்? பெரிய நிறுவனத்துக்குப் போனால் விலக்கு உண்டா? நிறுவனமே ஆட்குறைப்பு செய்தால்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பெரிய நிறுவனம் கூப்பிடும்போது இந்தக் கடனுக்குப் பயந்து ஆறு மாதம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? ஆண்டுக்கு 2,000 பேரை ஒரே நிறுவனம் எடுத்த காலத்தில், ஆறு மாதத் தாமதம் என்பது ஆயிரம் பேருக்குப் பின்னால் நிற்பது.

மூன்றாவது ஓய்வூதியம். பெரிய நிறுவனங்களில் இப்போதைய ஒப்பந்தங்களின்படி சம்பளத்தில் 17, 18 சதவீதம் அளவுக்கு நிறுவனமே ஓய்வுக் கணக்கில் போடுகிறது, விமானி ஒரு காசு போடாவிட்டாலும். 3,00,000 டாலர் வாங்கும் கேப்டனுக்கு 17 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 51,000. பிராந்திய நிறுவனங்களில் இந்த அளவு கிடையாது. நீங்கள் போட்டால் நாங்களும் ஒரு பங்கு போடுகிறோம் என்பதுதான் அங்கே பரவலான முறை.

## பிராந்தியத்திலேயே தங்கிவிட்டால்?

கேலியாகப் பேசுவார்கள், ஆனால் இது மோசமான வாழ்க்கை அல்ல. சீனியாரிட்டி உச்சியில் இருக்கும் பிராந்தியக் கேப்டன் தன் ஊரில், தனக்கு வேண்டிய நாட்களில், சனி ஞாயிறு விடுமுறையோடு பறக்கலாம். பயிற்றுநர், மற்ற விமானிகளின் திறனைச் சோதிக்கும் விமானி என்று கூடுதல் வருமானமும் உண்டு. ஐம்பத்தைந்து வயதில் பெரிய நிறுவனத்தில் கடைசி ஆளாகப் போய் நள்ளிரவு ரிசர்வில் உட்காருவதைவிட இது மேல் என்று நினைப்பவரைத் தப்பு சொல்ல முடியாது. ஒரே நிபந்தனை: காம்ஏர், எக்ஸ்பிரஸ்ஜெட் விமானிகளுக்கு நடந்தது தனக்கு நடந்தால் தாங்கும் சேமிப்பு இருக்க வேண்டும்.

## வயதை வைத்துப் பார்த்தால்

65 வயதில் கட்டாய ஓய்வு. பெரிய நிறுவனத்துக்குப் போவது ஒரு வருஷம் தள்ளிப்போனால் இழப்பது முதலாண்டுச் சம்பளம் என்று நினைக்கிறோம். உண்மையில் கழிபடுவது கடைசி வருஷம். பெரிய விமானக் கேப்டன்கள் மணிக்கு 400 டாலருக்கு மேல் வாங்கும் வருஷங்களில் ஒன்று.

இருபத்து மூன்று வயதுக்காரருக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறது. அவர் ஃப்ளோ வரிசையில் நின்றாலும் பெரிதாகக் கெடாது. கேப்டன் ஆகி, பொறுப்பில் பறந்த மணி நேரத்தைச் சேர்த்துக்கொண்டு, நேர்காணலுக்கும் விண்ணப்பித்துக்கொண்டே இருக்கலாம். ஃப்ளோ உள்ள நிறுவனத்தில் சேர்ந்ததால் வேறிடத்துக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி எதுவும் இல்லை.

வேறு வேலையை விட்டுவிட்டு நாற்பத்தைந்தில் வருபவருக்குக் கணக்கு வேறு. கையில் இருப்பது இருபது வருஷம். ஆறு வருஷம் வரிசையில் போனால் மீதி பதினான்கு. அவருக்கு நான் சொல்வது: வீட்டருகே பேஸ், புதியவர்களுக்கு மாதம் 70 மணி நேரமாவது பறக்கக் கிடைக்கும் நிறுவனம், திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை குறைந்த ஒப்பந்தம். இவை மூன்றும் இருந்தால் யாருக்குச் சொந்தமான நிறுவனம் என்று பார்க்கத் தேவையில்லை. நாற்பதைத் தாண்டியவருக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால், நிறுவனத்தின் நீண்டகால இயலாமைக் காப்பீடு எவ்வளவு என்பதையும் அவர் சம்பளத்துக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டும்.

இரண்டு கடிதங்களும் எல்லாவற்றிலும் சமமாக வந்து நிற்கிறதா? பயிற்சி வகுப்பு தொடங்கும் தேதியைப் பாருங்கள். முந்திய தேதியை எடுங்கள், போனஸ் கொஞ்சம் குறைவாக இருந்தாலும். ஒரே வகுப்பில் சேர்பவர்களுக்குள் யார் முன்னே என்பதை நிறுவனங்கள் வயதை வைத்தோ, சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி இலக்கங்களை வைத்தோ தீர்மானிக்கின்றன. எந்த வகுப்பில் சேர்வது என்பது மட்டும்தான் உங்கள் முடிவு.